பார்த்தவுடன் பியானோ வாசிக்க ஒரு பழைய கல்யாண அழைப்பிதழ்

பிள்ளை புதிய இசைத்துண்டு ஒன்றைத் தாளைப் பார்த்து வாசிக்கும்போது, ஒவ்வொரு பாரையும் (இசைத்தாளில் நிலைக்கோடுகளுக்கு இடையிலுள்ள தாளக் கட்டம்) தொடங்கிய கையோடு அதைப் பழைய கல்யாண அழைப்பிதழ் ஒன்றால் மூடிவிடுங்கள். கொழும்பில் எந்த வீட்டு அலுமாரியிலும் அப்படி நாலைந்து கிடக்கும். மட்டை தடிப்பாக இருப்பதால் மடங்காமல் நகரும்.

பெரும்பாலும் பிள்ளைகள் தடுமாறுவது சுரம் தெரியாமல் இல்லை. விரல் இருக்கும் இடத்திலேயே கண்ணும் நின்றுவிடுகிறது. தேர்ந்தவர்களின் கண் கைக்குச் சற்று முன்னே ஓடும், மட்டை அந்த ஓட்டத்தைக் கட்டாயப்படுத்துகிறது. பிழைவிட்ட இடம் மறைந்துவிடுவதால், திரும்பிப் போய்த் திருத்தும் பழக்கமும் மெல்ல விடுபடும். தாளம் அறுவது பெரும்பாலும் அந்தப் பழக்கத்தால்தான்.

துண்டு, பிள்ளை படிக்கும் தரத்தைவிட இரண்டு தரம் கீழே இருக்கட்டும். வேகத்தையும் நன்றாகக் குறையுங்கள். பிரித்தானிய இசைப் பரீட்சைச் சபையான ஏபிஆர்எஸ்எம் நடத்தும் செய்முறைப் பரீட்சையில், பார்த்தவுடன் வாசிக்கும் பகுதிக்கு 150 இல் 21 புள்ளிகள், முன்கூட்டிப் பார்க்க அரை நிமிடம். அந்த அரை நிமிடத்துக்கு மட்டையைத் தொடாதீர்கள், முழுப் பக்கத்தையும் பார்க்க விடுங்கள்.

கோட்டில் சுரத்தை இன்னும் எண்ணிக் கண்டுபிடிக்கும் பிள்ளைக்கு இது வேண்டாம், அழுகைதான் வரும். ஏற்கெனவே மனப்பாடமான துண்டிலும் பயனில்லை. அங்கே கண் தாளையே பார்ப்பதில்லை.