கதவருகே வைத்த தட்டு

வெளியே வராத முதலாளி, விட்டுப் போகாத வேலையாள். இந்த ஜோடியைக் கதையில் எழுதும் முன், எந்தச் சாவி யாரிடம் என்று முடிவு செய்யுங்கள். கடிதம், பணம், மருந்து எல்லாம் வேலையாள் கைவழியே போவதால் அதிகாரம் உண்மையில் அவரிடம்தான்.

விசுவாசத்தை வசனமாக்கினால் காட்சி செத்துவிடும். தட்டு திரும்பி வருகிறது. பாதி சாப்பாடு அப்படியே. வேலையாள் எதுவும் கேட்கவில்லை, மறுவேளை உப்பைக் குறைக்கிறார். அவ்வளவு போதும். வாசலில் நிற்பவரிடம் "ஐயா தூங்குறாங்க" என்று ஒரு பொய்யும் சொல்லட்டும்.

சம்பளப் பேச்சு ஓரிடத்திலாவது வரவேண்டும், இல்லையேல் அடிமைத்தனமாகத் தெரியும். பலர் சறுக்குவது வேறிடத்தில்: வேலையாளுக்கென்று சொந்த ஆசையே இருக்காது. போக ஓர் இடம் இருந்தும் தங்குகிறார் என்றால்தான் கனம். முதலாளியின் மனதுக்குள் மட்டும் நுழையாதீர்கள், மர்மம் கலைந்துவிடும்.