லாகின் பதிவிலிருந்து தொடங்குங்கள்

இரவுப் பணியில் நிறுவனக் கணினிகளின் லாக், அதாவது அவற்றில் நடப்பவை பதியும் குறிப்பு, பார்ப்பது என் வேலை. ‘கணினித் தாக்குதலைக் கண்டுபிடிக்க ஏஐ கருவி வாங்கிவிட்டோம், எதில் தொடங்குவது?’ என்று கேட்பவர்களிடம் லாகின் பதிவுகளைத்தான் முதலில் கொடுக்கச் சொல்வேன். இன்றைக்குத் திருடன் பல நேரம் பூட்டை உடைப்பதில்லை, திருடிய கடவுச்சொல் என்ற சாவியோடு வருகிறான்.

யார் எத்தனை மணிக்கு, எந்தக் கணினியிலிருந்து வருகிறார் என்ற வழக்கத்தைக் கருவி படிக்க வேண்டும். 30 நாள் பதிவாவது கொடுங்கள். மாதக் கடைசி அதற்குள் வரட்டும். இல்லாவிட்டால் கணக்குப் பிரிவு இரவு 11 மணிக்கு வேலை பார்ப்பதே தாக்குதலாகத் தெரியும். அதற்கு முன் யாரும் பயன்படுத்தாத பழைய லாகின் கணக்குகளை மூடிவிடுங்கள். ஏற்கெனவே ஒருவன் உள்ளே இருந்தால், அவனையும் வழக்கம் என்றே அது கற்றுக்கொள்ளும்.

ஒரு நாள் நள்ளிரவு தாண்டி 2.14க்கு ஒரு கணக்கு உள்ளே வந்தது. கடவுச்சொல் சரி, ஓடிபி சரி. ஆறு நிமிடம் கழித்து அந்த அஞ்சல் பெட்டியில் ஒரு விதி முளைத்தது: ‘இன்வாய்ஸ்’ என்ற சொல் உள்ள மடல்களையெல்லாம், யாரும் திறக்காத ஆர்எஸ்எஸ் (இணையச் செய்தி ஓடை) ஃபோல்டருக்குத் தள்ளு. புதிய கணினி, வழக்கமில்லாத நேரம், இந்த விதி, மூன்றையும் கருவி கோத்துப் பார்த்ததால்தான் எச்சரிக்கை வந்தது. போலி லாகின் பக்கம் ஒன்றை நடுவில் வைத்து செஷன் குக்கியையே, அதாவது ஒருமுறை நுழைந்தவரை மறுபடி கடவுச்சொல் கேட்காமல் விடும் அடையாளத்தையே, அள்ளியிருந்தார்கள். அந்த மாதிரி நேரத்தில் கடவுச்சொல்லை மட்டும் மாற்றினால் போதாது. திறந்திருக்கும் செஷன்கள் அத்தனையையும் துண்டியுங்கள். விதியைப் பதிவு செய்துகொண்டு நீக்குங்கள். ஓடிபிக்குப் புதிதாக ஏதாவது ஃபோன் சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

அப்புறம், எச்சரிக்கைகளின் எண்ணிக்கை. நாளுக்கு 10 லட்சம் பதிவுகளில் கருவி 0.1 சதவீதம் தவறாகக் கை காட்டினாலும் 1,000 பொய் எச்சரிக்கை. எந்த மனிதரும் அதைப் படித்து முடிக்க மாட்டார். தனித்தனி நிகழ்வுக்கு அல்ல, ஓர் ஆளின் பெயரில் சேரும் மொத்தச் சந்தேக மதிப்பெண்ணுக்கு மணி அடிக்குமாறு அமையுங்கள். சந்தேகமான லேப்டாப்பை நெட்வொர்க்கிலிருந்து தானாகப் பிரிக்க விடலாம். சர்வரில் கை வைக்க மட்டும் ஒரு மனிதரின் ஒப்புதல் வேண்டும்.

லாகைச் சுருக்கிச் சொல்ல சாட்பாட்டைப் பயன்படுத்துகிறீர்களா? லாகில் தாக்குபவன் எழுதிய வரிகளும் இருக்கும், ‘இதைப் பொருட்படுத்தாதே’ என்ற கட்டளை உட்பட. சாட்பாட் அதற்குக் கீழ்ப்படிந்துவிடலாம். ஆகவே அதற்குப் படிக்கும் அனுமதி மட்டும் போதும்.

மாதம் ஒருமுறை சோதனைக் கணக்கு ஒன்றில் வழக்கமில்லாத நேரத்தில், புதிய கணினியிலிருந்து நுழைந்து, அதே அஞ்சல் விதியை நீங்களே போட்டுப் பாருங்கள். மணி அடிக்கவில்லையென்றால், முதலில் அந்த லாக், கருவிக்கு வந்து சேர்கிறதா என்று பாருங்கள்.