எந்த மலைச் சைக்கிள் நல்லது? வாக்குவாதத்தைத் தாண்டி முதல் வண்டியை வாங்கும் முறை

மலைச் சைக்கிள் ஓட்டுபவர்கள் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு எப்படியும் "எது பெஸ்ட்" என்பதில் போய்த்தான் நிற்கும். ஒருவர் ட்ரெக் மார்லின் என்பார், இன்னொருவர் ஜயன்ட் டேலன் என்பார். மூன்றாமவருக்கோ ஃபுல் சஸ்பென்ஷன் (முன்னும் பின்னும் குலுக்கல் தாங்கும் அமைப்பு) இல்லாத எதுவும் மலைச் சைக்கிளே இல்லை. மூவர் சொல்வதும் அவரவர் வரையில் சரியாகவே இருக்கலாம். ஆனால் அவர்கள் ஓட்டும் தரையும் அவர்கள் உடல் எடையும் அந்தப் பதிலுக்குள் ஒளிந்திருக்கும். அதனால் யார் எந்த வண்டியைப் புகழ்ந்தாலும் இரண்டே கேள்வி கேளுங்கள்: "அண்ணே, எங்க ஓட்டுறீங்க? வெயிட் எவ்வளவு?" பாதிச் சண்டை அங்கேயே முடிந்துவிடும்.

படி 1: ஓட்டப்போகும் தரையை எழுதுங்கள்

ஒரே வரி போதும். "வாரநாளில் தார்ச்சாலை, ஞாயிறு மண்பாதை" என்பது போல. வீடியோவில் பார்த்துப் பெருமூச்சு விட்ட இடங்களை அதில் சேர்க்கக் கூடாது.

இப்போது அந்த வரியை டிராவலோடு பொருத்துங்கள். சஸ்பென்ஷன் அமுங்கும்போது சக்கரம் எத்தனை மில்லிமீட்டர் மேலே ஏறுகிறது என்பதுதான் டிராவல். மண்சாலையும் நீண்ட ஏற்றமும் என்றால் 100 முதல் 120 போதும். கல்லும் மரவேரும் நிறைந்த ஒற்றையடிப் பாதைக்கு 120 முதல் 150. அதற்கு மேல் என்றால் கரடுமுரடான இறக்கங்களுக்கான எண்டியூரோ வகை. டவுன்ஹில் வண்டிகள் 200 மி.மீ. வரை போகும், அவற்றை மிதித்து மலையேறுவது தண்டனை, ஜீப்பிலோ லிஃப்டிலோ ஏற்றிக்கொண்டு போய்த்தான் இறங்குவார்கள்.

(நீலகிரி, கொடைக்கானல் பக்கம் ஓட்டுபவர்களுக்கு ஒரு வார்த்தை: காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதியில்லாமல் நுழையாதீர்கள். எஸ்டேட் பாதை என்றால் கேட்டுவிட்டுப் போங்கள்.)

படி 2: ஹார்ட்டெயிலா, ஃபுல் சஸ்பென்ஷனா?

அதிகம் அடித்துக்கொள்வது இதில்தான். முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவைதான் ஃபோர்க்; அது மட்டும் அமுங்கினால் ஹார்ட்டெயில். பின்னாலும் ஷாக் இருந்தால் ஃபுல் சஸ்பென்ஷன்.

ஃபுல் சஸ்பென்ஷன்காரர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. பின்சக்கரம் துள்ளாமல் தரையோடு ஒட்டியே வரும். கல் கிடக்கும் ஏற்றத்தில் பிடிப்பு கிடைக்கும், இடுப்பு தப்பிக்கும். ஆனால் அதே விலைக்குள் பின் ஷாக்கும் அதன் பிவட்களும் (அசையும் மூட்டுகள்) பேரிங்குகளும் வர வேண்டும் என்றால் வேறு எங்கோ கைவைத்தாக வேண்டும். பெரும்பாலும் அது ஃபோர்க், பிரேக், சக்கரம் இந்த மூன்றில்தான் நடக்கும். அப்புறம் சர்வீஸ் செலவு தனி. அதனால் முதல் வண்டிக்கு என் ஓட்டு ஹார்ட்டெயிலுக்குத்தான். தடம் எங்கே, காலை எப்படி ஊன்றி நிற்பது என்பதையும் அது சீக்கிரம் கற்றுக்கொடுத்துவிடும்.

மலிவு விலையில் இரண்டு பக்கமும் ஸ்பிரிங் வைத்துப் பளபளவென்று நிற்கும் வண்டிகளை மட்டும் தொடாதீர்கள். அவற்றில் ஸ்பிரிங் இருக்கும், அதன் துள்ளலை அடக்கும் டேம்பிங் இருக்காது. முன்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஹேண்டில்பாரை அழுத்திவிட்டுப் பாருங்கள். ஃபோர்க் 'டொக்'கென்று மேலே அடித்து நின்றால் அது குலுக்கலைத் தாங்காது, திருப்பிக் கொடுக்கும்.

படி 3: சக்கர அளவு

ஆரம்பத்தில் எல்லாம் 26 அங்குலம். 1970களில் கலிபோர்னியாவின் மரின் கவுன்ட்டியில் பழைய தடித்த டயர் சைக்கிள்களை மலையிலிருந்து ஓட்டி இறங்கி விளையாடியவர்கள் கையில் கிடைத்தது அந்த அளவுதான். இன்று புதிதாக வாங்க அது வேண்டாம். நல்ல டயர், ஃபோர்க் கிடைப்பது குறைந்துவிட்டது.

மிச்சமிருப்பது 27.5, 29. பெரிய சக்கரம் கல்லின்மேல் எளிதாக உருண்டு ஏறும், சின்னது வளைவில் சட்டென்று திரும்பும். 2017இல் பிரான்ஸின் லூர்து டவுன்ஹில் உலகக் கோப்பைக்கு சான்டா க்ரூஸ் அணி 29 அங்குலச் சக்கரத்தோடு வந்தபோது எதிரணிகள் முணுமுணுத்தன. அந்த அணி வீரர் கிரெக் மினார் நல்ல உயரம், அவருக்கு அது பொருந்தியது. உங்கள் உயரம் 165 செ.மீ.க்குக் கீழே என்றால் இரண்டையும் ஓட்டிப் பாருங்கள். பல கம்பெனிகள் சின்ன ஃபிரேமுக்கு 27.5தான் போடுகின்றன, அதில் குறையொன்றும் இல்லை.

படி 4: கடையில் பெயரைப் பார்க்காமல் இவற்றைப் பாருங்கள்

முதலில் ஹேண்டிலுக்குக் கீழே ஃபிரேமின் முன்குழாய். அடிப்பக்கம் அகன்றிருந்தால் டேப்பர்ட். இன்றைய நல்ல ஃபோர்க்குகள் அநேகமாக எல்லாமே இதற்குத்தான் வருகின்றன. நேர்க்குழாய் என்றால் பின்னால் ஃபோர்க் மாற்ற ஆசைப்பட்டாலும் வழி குறைவு.

அடுத்து பின் ஹப், அதாவது பின்சக்கரத்தின் நடுக்குடம். விலை குறைந்த 7 கியர் வண்டிகளில் திருகி மாட்டும் ஃப்ரீவீல் என்ற பல்சக்கர அடுக்கு இருக்கும். அதில் வலதுபக்க பேரிங் உள்ளே தள்ளி உட்கார்ந்திருப்பதால் ஆக்சில் தாங்கலின்றி நீண்டு நிற்கும்; பள்ளத்தில் விழுந்து விழுந்து வளைந்துவிடும். பல்சக்கர அடுக்கை (கேசட்) செருகி மாட்டும் கேசட் ஹப்பில் அந்த பேரிங் ஓரத்துக்கு வந்துவிடுவதால் இந்தத் தொல்லை இல்லை. கனமான ஆட்களுக்கு இது முக்கியம்.

பிரேக் ஹைட்ராலிக் டிஸ்க்காக இருக்கட்டும். ஒரே விரலில் பிடிக்க முடிய வேண்டும். கியர் எண்ணிக்கையை விட்டுவிடுங்கள். 21 கியர் என்று ஸ்டிக்கர் ஒட்டியதைவிட, முன்னால் ஒரே பல்சக்கரமும் பின்னால் அகன்ற கேசட்டும் உள்ள வண்டியில் செயின் கழல்வது குறைவு.

படி 5: எழுந்து நின்று ஓட்டிப் பாருங்கள்

சீட்டில் உட்கார்ந்து மட்டும் அளவு பார்த்து வாங்குபவர்கள் அதிகம். இறக்கத்தில் உட்கார்ந்து ஓட்டப்போவதில்லையே. இரண்டு பெடலும் ஒரே மட்டத்தில் இருக்க, எழுந்து நின்று முழங்கையைச் சற்று மடக்குங்கள். முழங்கால் ஹேண்டிலில் இடித்தால் சின்னது. ஹேண்டிலைத் தொடவே முன்னால் எக்க வேண்டியிருந்தால் பெரியது.

படி 6: வாங்கியதும் உங்கள் எடைக்கு அமைப்பது

நிறையப் பேர் செய்யாமல் விட்டுவிட்டு வண்டியைக் குறை சொல்லும் இடம் இது. காற்று ஃபோர்க் என்றால் ஒரு ஷாக் பம்ப் வாங்குங்கள். சாதாரணப் பம்ப் உதவாது.

ஹெல்மெட், பை, தண்ணீர் எல்லாவற்றோடும் ஏறி, சுவரில் தோளைச் சாய்த்து வழக்கம்போல் நில்லுங்கள். ஃபோர்க் காலில் உள்ள ரப்பர் வளையத்தை யாரையாவது கீழே சீல் (மெல்லிய கால் தடித்த காலுக்குள் நுழையும் இடத்து ரப்பர்) வரை தள்ளச் சொல்லுங்கள். துள்ளாமல் இறங்கி, வளையத்துக்கும் சீலுக்கும் இடைவெளியை அளந்து பாருங்கள். 120 மி.மீ. ஃபோர்க்கில் அது ஏறக்குறைய 20 சதவீதம், அதாவது 24 மி.மீ. இருக்கலாம். அதிகமாக அமுங்கினால் காற்று ஏற்றுங்கள், குறைவென்றால் இறக்குங்கள். பின் ஷாக் இருந்தால் அதற்கு 25 முதல் 30 சதவீதம். ஆனால் சக்கர டிராவலில் அல்ல, ஷாக்கின் ஸ்ட்ரோக்கில், அதாவது ஷாக் மட்டும் அமுங்கும் நீளத்தில், கணக்கிட வேண்டும்.

டயரில் கடைக்காரர் அடித்துத் தந்த காற்றோடு மலைக்குப் போகாதீர்கள், பெரும்பாலும் அது தார்ச்சாலைக்கான அளவு. 70 கிலோ ஆளுக்கு, 2.3 அங்குல டயரில் டியூப் இருந்தால் 28 பிஎஸ்ஐ பக்கம் தொடங்கலாம். டியூப்லெஸ் என்றால் இன்னும் மூன்று நான்கு குறையுங்கள். கல்லில் ரிம் இடிக்கும் சத்தம் கேட்டால் இரண்டு பிஎஸ்ஐ கூட்டிக்கொள்ளுங்கள்.