ஒன்ராறியோவில் உயில் எழுதுபவர்களுக்கு

உயில் இல்லாவிட்டாலும் எல்லாம் மனைவிக்குத்தானே போகும் என்று இருந்துவிடாதீர்கள். பிள்ளைகள் இருந்தால் ஒன்ராறியோச் சட்டம் துணைவருக்கு முதல் 350,000 டொலரைத் தரும். மிச்சத்தில், ஒரே பிள்ளையென்றால் பாதியும், கூடுதலான பிள்ளைகள் இருந்தால் மூன்றில் ஒரு பங்கும்தான் அவருக்கு. சட்டப்படி மணம் முடிக்காமல் சேர்ந்து வாழ்பவருக்கு இந்தப் பங்கு எதுவும் கிடையாது.

18 வயது நிரம்பியவர் எழுதலாம். தமிழில் எழுதினாலும் செல்லும். ஆனால் பிறகு நீதிமன்றத்துக்கு மொழிபெயர்ப்பு வேண்டும்.

பெரும்பாலும் கெடுவது கையெழுத்து வைக்கும் இடத்தில்தான். தட்டச்சு செய்த உயிலில் நீங்கள் கடைசியில் கையெழுத்திடும்போது இரண்டு சாட்சிகளும் ஒன்றாக இருக்க வேண்டும். அவர்களும் உங்கள் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும். இன்றைக்கு வீட்டில் ஒருவர், நாளைக்கு வேலையிடத்தில் இன்னொருவர் என்று வாங்கினால் பிழை. கையெழுத்துக்குக் கீழே பிறகு சேர்க்கும் வரியும் செல்லாது. இப்படியான குறைகளை மன்னிக்க 2022 முதல் நீதிபதிக்கு அதிகாரம் உண்டு. அதற்கு வழக்குச் செலவு உங்கள் பிள்ளைகளுடையது.

சாட்சி சொத்துப் பெறுபவராகவோ அவருடைய கணவன், மனைவியாகவோ இருக்கக்கூடாது. வீட்டை மகளுக்கு எழுதி மருமகனைச் சாட்சிக்கு வைத்தால், உயில் நிற்கும். மகளுக்கு எழுதியது விழும். பக்கத்து வீட்டுக்காரரே போதும். நொத்தாரிசு தேவையில்லை. ஆனால் உயில் தன் முன்னிலையில் முறையாகக் கையெழுத்தானது என்று ஒரு சாட்சியிடம் அன்றைக்கே சத்தியக்கடதாசி வாங்கி வையுங்கள். நீதிமன்றம் அதைக் கேட்கும்; இருபது வருடம் கழித்து அந்த மனுசரை எங்கே தேடுவது?

முழுவதும் சொந்தக் கையால் எழுதிக் கையெழுத்திட்டால் சாட்சியே வேண்டாம். கடையில் வாங்கிய படிவத்தை நிரப்புவது அந்தக் கணக்கில் வராது. போனில் தட்டிய குறிப்பும் உயிலாகாது.

ஊரில் காணி இருப்பவர்களுக்கு இன்னொரு பொறி. இலங்கையில் நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும், நொத்தாரிசு இல்லையென்றால் ஐந்து சாட்சிகளும் வேண்டும் என்பதால், அங்குள்ள காணிக்குத் தனி உயில் எழுதுவதே நல்லது. அப்போது கனடா உயிலில் வழக்கமாக வரும் 'முந்திய உயில்கள் அனைத்தையும் இரத்துச் செய்கிறேன்' என்ற வரியைத் திருத்தச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஊர் உயிலும் சேர்ந்து போய்விடும்.

துணைவரோடு கூட்டாக வாங்கிய வீடும், பணம் யாருக்கு என்று பெயர் குறித்த ஆயுள் காப்புறுதியும் உயிலுக்கு வெளியே போகும். மற்றவற்றுக்கு, உயிலை ஏற்கும் நீதிமன்றச் சான்று (probate) எடுத்தால், முதல் 50,000 டொலருக்கு மேல் ஆயிரத்துக்கு 15 டொலர் வரி. 800,000 டொலருக்கு 11,250. வீட்டு மோர்கேஜைக் கழிக்கலாம். கடனட்டைக் கடனைக் கழிக்க முடியாது.

சிறு பிள்ளைகளுக்குப் பாதுகாவலரை உயிலில் குறிக்கலாம். அது 90 நாளுக்குத்தான் செல்லும். அதற்குள் அவர் நீதிமன்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

பிரதி எடுக்க அசலின் ஸ்டேப்பிளைக் கழற்றாதீர்கள்; பக்கம் மாற்றப்பட்டதா என்று கேள்வி வரும். அசல் எங்கே இருக்கிறது என்று நிறைவேற்றுநருக்கு, அதாவது உயிலின்படி காரியங்களை முடிக்க நீங்கள் நியமித்தவருக்கு, சொல்லி வையுங்கள். உங்களிடம் இருந்த அசல் பிறகு காணாமல் போனால், நீங்களே கிழித்துவிட்டீர்கள் என்றுதான் சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும்.