மிஞ்சிய சோற்றில் மெத்தென்ற ரொட்டி

இரவு மிஞ்சிய சோற்றை ஃபிரிட்ஜில் வைத்திருக்கிறீர்களா? அதில் 150 கிராம் எடுத்து, 140 மில்லி தண்ணீர் விட்டு மிக்ஸியில் மையாக அரையுங்கள். (வெளியிலேயே கிடந்த சோறு வேண்டாம்.) அதனுடன் 300 கிராம் பிரெட் மாவு, ஒரு டீஸ்பூன் இன்ஸ்டன்ட் ஈஸ்ட், ஒரு மேசைக்கரண்டி சர்க்கரை, முக்கால் டீஸ்பூன் உப்பு, கொஞ்சம் எண்ணெய்.

பிசையும்போது கையில் பிசுபிசுவென்று ஒட்டும். பயந்துபோய் இன்னும் உலர்ந்த மாவை அள்ளிக் கொட்டாதீர்கள். நான் முதல் தடவை அப்படித்தான் செங்கல் சுட்டேன். பத்து நிமிடம் பிசைந்தால் தானாக வழிக்கு வரும். வெந்த சோற்றின் மாவுச்சத்து தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்வதால்தான் ரொட்டி மறுநாளும் மெத்தென்று இருக்கிறது.

சிங்கப்பூர் வெக்கைக்கு மாவு சீக்கிரம் பொங்கும். கடிகாரத்தைப் பார்க்காமல் மாவைப் பாருங்கள்: இரண்டு மடங்கானால் போதும், எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் முக்கால் மணி நேரம்தான். ஏர்கான் அறை என்றால் கூடுதலாகும். அப்புறம் உருட்டி அச்சில் வைத்து, மறுபடி உப்பியதும் அவனில் 180 டிகிரி செல்சியஸில் 30 முதல் 35 நிமிடம் சுடுங்கள். நன்றாக ஆறிய பிறகே வெட்டுங்கள்.

தேக்கா சந்தையில் வாங்கும் இட்லி அரிசியின் சோறும் சரியாக வரும். பாசுமதிதான் கொஞ்சம் உலர்ந்திருக்கும், இரண்டு கரண்டி தண்ணீர் கூடுதலாக விடுங்கள்.