கோத்தகிரியிலிருந்து நுவரெலியாவுக்கு: வெளிநாட்டு எண்ணை அழைக்கும் முறை

சென்ற ஆடியில், சாரல் விடாமல் அடித்துக்கொண்டிருந்த ஒரு பிற்பகலில், டேன்டீ (தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டக் கழகம்) லைன் வீட்டிலிருந்து ஓர் அம்மா எங்கள் ரீசார்ஜ் கடைக்கு வந்து, மடிப்புகளில் கிழியத் தொடங்கியிருந்த ஒரு துண்டுச் சீட்டை மேசைமீது வைத்தார். நுவரெலியாவில் இருக்கும் தங்கை வீட்டு எண் அது: முதலில் 052, அதன் பிறகு 2இல் தொடங்கும் ஏழு இலக்கங்கள். “எத்தனை தடவ போட்டாலும் நம்பர் தப்புன்னே சொல்லுது தம்பி. தங்கச்சி நம்பர மாத்திட்டாளோ என்னவோ” என்றார். தங்கை எதையும் மாற்றவில்லை. சீட்டில் இருந்தது, இலங்கைக்குள் இருப்பவர் இலங்கைக்குள் இருக்கும் இன்னொருவரை அழைப்பதற்கான எண். 0522 என்பது லக்னோவின் எஸ்.டி.டி. குறியீடு, ஆகவே அந்த எண்ணை இங்கிருந்து அப்படியே அழுத்தினால், அது உத்தரப் பிரதேசத்துக்குரிய எண்ணாகவே கொள்ளப்பட்டு, அதிலும் ஓர் இலக்கம் குறைவதால் எங்கும் போய்ச் சேராமல் நின்றுவிடுகிறது.

நீலகிரியில் இது அன்றாடம் நடப்பது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிக் கோத்தகிரி, குன்னூர், கூடலூர்ப் பக்கங்களில் குடியேறிய பல குடும்பங்களுக்கு இன்றும் ஹட்டனிலும் நுவரெலியாவிலும் பதுளையிலும் சொந்தங்கள் இருக்கிறார்கள். அதனால் இலங்கை எண்ணையே முதல் எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன்.

வெளிநாட்டுக்கு அழுத்த வேண்டிய எண்ணில் நான்கு பகுதிகள் உண்டு. நம் நாட்டிலிருந்து வெளியே போவதற்கான முன்னெண் முதலில் வரும். இந்தியாவில் அது 00. அடுத்து, போய்ச் சேர வேண்டிய நாட்டின் குறியீடு, இலங்கைக்கு 94. அதன் பிறகு ஊரின் குறியீடு, முன்னால் உள்ள பூஜ்யத்தை நீக்கிவிட்டு. நுவரெலியாவுக்கு 052 என்பது 52 ஆகிவிடும், ஹட்டனின் 051 என்பது 51 ஆகிவிடும். கடைசியில் வீட்டு எண்ணின் ஏழு இலக்கங்கள். ஆக, அந்த அம்மா அழுத்தியிருக்க வேண்டியது 00, 94, 52, பின்னர் அந்த ஏழு இலக்கங்கள். செல்போனுக்கும் இதே கணக்குதான்: அங்கே 077 என்று தொடங்கும் எண் இங்கிருந்து 00 94 77 என்று தொடங்கும்.

நான்கில் மூன்றை எல்லோரும் சரியாகவே செய்கிறார்கள். தவறு நேர்வது பெரும்பாலும் அந்தப் பூஜ்யத்தில்தான். அது ஊர்க் குறியீட்டின் உறுப்பு அன்று. “நான் வெளியூருக்குப் பேசப்போகிறேன்” என்று உள்ளூர்த் தொலைபேசி நிலையத்துக்குச் சொல்லும் அடையாளம் மட்டுமே; அழைப்பு வெளிநாட்டிலிருந்து வரும்போது அந்த அறிவிப்புக்குத் தேவையே இல்லை. துபாய்க்காரர் 050 என்று எழுதி அனுப்பும் செல்போன் எண் 971 50 என்று மாறும். மலேசியாவின் 012 என்பது 60 12 ஆகும். இங்கிலாந்து முகவரிகளில் 44க்குப் பிறகு அடைப்புக்குறிக்குள் ஒரு பூஜ்யத்தை அச்சிட்டு, அதன் பின் 20 என்று லண்டன் குறியீட்டைப் போடும் வழக்கம் உண்டு. உள்நாட்டாருக்கும் வெளிநாட்டாருக்கும் சேர்த்து ஒரே வரியில் எழுதுவதற்காகக் கண்டுபிடித்த அந்த உத்தி, என் அனுபவத்தில், இரு தரப்பையும் குழப்புவதைத் தவிர வேறெதையும் செய்ததில்லை. இங்கிருந்து அழைப்பவர் அடைப்புக்குறிக்குள் இருப்பதைப் பார்க்காததுபோல் விட்டுவிட வேண்டும். சிங்கப்பூர், கத்தார், குவைத் போன்ற நாடுகளில் ஊர்க் குறியீடும் இல்லை, நீக்குவதற்குப் பூஜ்யமும் இல்லை. நாட்டுக் குறியீட்டுக்குப் பிறகு எண்ணை அப்படியே போடலாம். விதிவிலக்கு இத்தாலி. அந்த நாட்டின் தரைவழி எண்களில் பூஜ்யம் எண்ணோடு ஒட்டிப் பிறந்தது. ரோம் நகரத்துக்கு 39 06 என்றுதான் அழுத்த வேண்டும்.

தரைவழித் தொலைபேசி வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2021 ஜனவரி 15 முதல், தரைவழி இணைப்பிலிருந்து நம் நாட்டுச் செல்போனை அழைக்க முன்னால் ஒரு 0 சேர்க்க வேண்டும் என்ற விதி வந்தது. அந்தப் பழக்கத்தில் சிலர் வெளிநாட்டு அழைப்புக்கும் ஒரு பூஜ்யத்தைக் கூடுதலாகப் போட்டு 000 என்று தொடங்கிவிடுகிறார்கள். வெளிநாட்டுக்கு இரண்டு பூஜ்யங்களே போதும்.

00 என்ற முன்னெண் உலகம் முழுவதற்கும் பொதுவானது அன்று. வளைகுடா நாடுகளிலும் இங்கிலாந்திலும் இலங்கையிலும் அதுதான். ஆனால் அமெரிக்காவிலும் கனடாவிலும் 011, ஜப்பானில் 010, ஆஸ்திரேலியாவில் 0011. இதில் 011 தனியாகப் பேச வேண்டிய எண்: அமெரிக்காவில் இருப்பவருக்கு அது நாட்டை விட்டு வெளியே போகும் கதவு, கொழும்புக்காரருக்கு அது கொழும்பின் குறியீடு, நமக்கோ அது டெல்லி. கொழும்பு எண்ணை வெட்டாமல் கொள்ளாமல் இங்கிருந்து அழுத்துபவர் டெல்லியின் கதவைத்தான் தட்டுகிறார்.

இந்த முன்னெண்களையெல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டிய தேவை செல்போன்காரர்களுக்கு இல்லை. 0 பொத்தானைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் + குறி வரும். “இந்த நாட்டில் வெளியே போகும் முன்னெண் எதுவோ, அதை நீயே போட்டுக்கொள்” என்பதுதான் அந்தக் குறியின் பொருள். ஆகவே நம் ஊர் உறவினர்களின் எண்களையும் சேர்த்து, போனில் உள்ள எல்லா எண்களையும் + குறியோடும் நாட்டுக் குறியீட்டோடும் பதிந்துவைப்பதே நல்லது. ஊட்டியிலிருந்து ஷார்ஜாவுக்கு வேலைக்குப் போகும் பையன், அம்மாவின் எண்ணை வெறும் பத்து இலக்கங்களாகப் பதிந்துவைத்திருந்தால், அங்கே இறங்கி அந்த ஊர் சிம்மைப் போட்ட முதல் நாளே அழைப்பு போகாமல் தவிப்பான். +91 என்று பதிந்திருந்தால் எந்த நாட்டிலிருந்தும் போகும். வாட்ஸ்அப்பிலும் இதே நிலைதான். வெளிநாட்டு எண்ணை நாட்டுக் குறியீடு இல்லாமல் பதிந்தால் அந்த நபர் பட்டியலில் தென்படவே மாட்டார்.

நம் எண்ணை வெளிநாட்டாருக்கு எழுதிக் கொடுப்பதில் நானே சறுக்கியிருக்கிறேன். மைத்துனரின் தங்கும் விடுதிக்கு முகவரி அட்டை அடிக்க எழுதிக் கொடுத்தபோது, +91 என்று போட்டு, கை பழகிய வேகத்தில் 0423 என்றும் சேர்த்துவிட்டேன். ஐந்நூறு அட்டைகள் அச்சாகி வந்த பிறகுதான் கண்ணில் பட்டது. அவற்றில் பாதிக்குமேல் பேனாவால் பூஜ்யத்தை அடித்துத்தான் விநியோகித்தோம். ஊட்டியின் பல பெயர்ப்பலகைகளில் இதே தவறு இன்றும் இருக்கிறது. சரியாக எழுதினால் ஊட்டி, குன்னூர் எண்கள் +91 423 என்றும், கோத்தகிரி +91 4266 என்றும், கூடலூர் +91 4262 என்றும், கொடைக்கானல் +91 4542 என்றும் தொடங்கும்.

எழுதியது சரிதானா என்று பார்க்க இலக்கங்களை எண்ணிவிடலாம். நாட்டுக் குறியீட்டையும் சேர்த்து, + குறியையும் 00வையும் சேர்க்காமல் எண்ண வேண்டும். இந்திய எண் எதுவானாலும் 12 இலக்கங்கள் வரும். தரைவழி எண்ணில் குறியீடு நீண்டால் வீட்டு எண் குறுகும் என்பதால் ஊட்டிக்கும் கோத்தகிரிக்கும் கூட்டுத்தொகை ஒன்றே. இலங்கைக்கு 11, சிங்கப்பூருக்கு 10, அமெரிக்காவுக்கு 11, அமீரகச் செல்போனுக்கு 12. உலகின் எந்த எண்ணும் 15 இலக்கங்களைத் தாண்டக் கூடாது என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் வரையறை. இலங்கை எண்ணில் 12 வந்தால், நீக்கப்படாத பூஜ்யம் ஒன்று நடுவில் உட்கார்ந்திருக்கிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம்.

எண் சரியாக இருந்தும் அழைப்பு போகவில்லை என்றால், அந்த இணைப்பில் ஐ.எஸ்.டி. எனும் வெளிநாட்டு அழைப்பு வசதி திறந்திருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். மாத ரீசார்ஜில் கிடைக்கும் அளவற்ற அழைப்பு உள்நாட்டுக்கு மட்டுமே. வெளிநாட்டுக்கு நிமிடக் கணக்கில் தனிக் கட்டணம் போகும். அறியாத வெளிநாட்டு எண்ணிலிருந்து ஒரு மணி அடித்து நின்றுபோகும் மிஸ்டு காலுக்குத் திரும்ப அழைக்கவே வேண்டாம். கட்டணம் மிகுந்த எண்ணுக்கு நம்மையே அழைக்கவைக்கும் தந்திரமாக அது இருக்கலாம். +1 என்று பார்த்ததும் அமெரிக்கா என்று நம்பிவிடவும் கூடாது: ஜமைக்கா உள்ளிட்ட கரீபியன் தீவுகள் பலவற்றுக்கும் அதே 1தான்; ஜமைக்கா எண் 1 876 என்று தொடங்கினால், கட்டணம் அமெரிக்காவின் கட்டணமாக இருக்க வேண்டியதில்லை.

நேரத்தையும் ஒருமுறை பார்த்துக்கொண்டு அழைப்பது நல்லது. இலங்கையில் நம் கடிகாரமே. துபாய் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால், சிங்கப்பூர் இரண்டரை மணி நேரம் முன்னால். லண்டன் மட்டும் கோடையில் நாலரை மணி நேரமும் குளிர்காலத்தில் ஐந்தரை மணி நேரமும் பின்தங்கியிருக்கும் என்பதால், இங்கே காலைத் தேநீரோடு அழைத்தால் அங்கே நள்ளிரவு தாண்டியிருக்கும்.