குட்டி வருவதற்கு முன் வீட்டைக் காலி செய்யுங்கள்

நாய்க்குட்டி வரப்போகிறது என்றதும் எல்லோரும் கேட்பது, "என்னென்ன வாங்கணும்?" என்றுதான். வாங்க வேண்டியவை கொஞ்சம்தான், அதற்கு அப்புறம் வருகிறேன். முதல் வேலை, எதையெல்லாம் தரையிலிருந்து எடுத்து மேலே வைப்பது என்று பார்ப்பது. காப்பகத்திலிருந்து குட்டிகளைக் கொண்டுவந்து, தத்து போகும்வரை வீட்டில் வைத்து வளர்த்துக் கொடுப்பவள் நான். வந்து இறங்கிய அரை மணி நேரத்துக்குள் நான் பார்க்காத எதையாவது வாயில் போட்டுக்கொள்ளாத குட்டி இன்னும் என் வீட்டுக்கு வரவில்லை.

அதனால் முட்டி போட்டு, வீடு முழுக்கத் தவழ்ந்து பாருங்கள். மற்றவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும். நின்றபடி பார்த்தால் சுத்தமாகத் தெரியும் அறையில், சோபாவுக்குப் பின்னால் சார்ஜர் வயர் தொங்கும். கட்டிலுக்கு அடியில் ஊசி கோத்த நூல், ரப்பர் பேண்ட், என்றோ உருண்டுபோன மாத்திரை எல்லாம் கிடக்கும். இவற்றில் என்னை அதிகம் பயமுறுத்துவது பட்டன் பேட்டரி. உணவுக்குழாயில் சிக்கினால் சில மணி நேரத்திலேயே சதையை அரித்துப் புண்ணாக்கிவிடும். அடுத்தது காலுறை. அதை விழுங்கி, குடல் அடைத்து, அறுவை சிகிச்சை வரை போகும் குட்டிகள் உண்டு. வயர்களைச் சுவரோடு சேர்த்துக் குழாய்க்குள் விடுங்கள். முடியாவிட்டால் பயன்படுத்தாத நேரத்தில் பிளக்கையே உருவிவிடுங்கள்.

அப்புறம் விஷங்கள். சாக்லேட் ஆகாது என்பது பலருக்கும் தெரியும், அதிலுள்ள தியோப்ரோமைனை நாயின் உடல் மிக மெதுவாகத்தான் வெளியேற்றும். திராட்சையும் உலர்திராட்சையும் சிறுநீரகத்தைச் செயலிழக்க வைக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. வெங்காயமும் பூண்டும் இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். சர்க்கரை சேர்க்காத சூயிங்கம்மில் வரும் சைலிட்டால் இவை எல்லாவற்றையும்விட வேகமானது. அரை மணி நேரத்துக்குள்ளேயே இரத்தச் சர்க்கரை சரிந்து குட்டி துவண்டுவிடக்கூடும். சில பற்பசைகளிலும் வேர்க்கடலை வெண்ணெய்களிலும் அது இருக்கிறது, அட்டையைப் படித்துப் பாருங்கள். பாராசிட்டமால், இபுபுரூஃபன் போன்ற நம் மாத்திரைகளைக் கைப்பையில் போட்டுப் பையைத் தரையில் வைக்கும் பழக்கம் இருந்தால் இன்றே விட்டுவிடுங்கள். தொட்டியில் அரளியோ, சைகஸ் என்ற அழகுச்செடியோ இருந்தால் வேறு யாருக்காவது கொடுத்துவிடலாம். எலி மருந்தை "மூலையில்தானே இருக்கிறது" என்று விட்டுவைக்க வேண்டாம். மூலைகளை மோந்து பார்ப்பதுதான் குட்டியின் முழுநேர வேலை.

குட்டிக்கு முழு வீட்டையும் முதல் நாளே திறந்துவிடுகிறவர்கள் அடுத்த ஒரு மாதம் துடைப்பத்தோடுதான் அலைவார்கள். ஒரே ஓர் அறை, அல்லது தடுப்பு வைத்துப் பிரித்த ஒரு பகுதி போதும். ஆட்கள் நடமாடும் இடமாகவும் தரை வழுக்காததாகவும் இருக்கட்டும். வழவழப்பான தரை என்றால் ரப்பர் அடிப்பாகம் உள்ள விரிப்பைப் போடுங்கள். பால்கனி இருந்தால் கம்பி இடைவெளியைப் பாருங்கள். தலை நுழைந்தால் உடம்பும் நுழைந்துவிடலாம்.

தூங்க ஒரு கூண்டு இருந்தால் நல்லது. எழுந்து நின்று, திரும்பி, காலை நீட்டிப் படுக்க இடம் வேண்டும், அதற்கு மேல் வேண்டாம். பெரிதாக இருந்தால் ஒரு மூலையில் தூங்கி மறு மூலையில் மூத்திரம் போகும். வளர்ந்த பிறகும் ஆகிற அளவில் வாங்கி, உள்ளே தடுப்பு வைத்துச் சுருக்கிக்கொண்டால் ஒரே செலவு. தண்டனைக்கு மட்டும் அதில் அடைக்காதீர்கள், பிறகு அந்தப் பக்கமே போகாது. ஒரு நாளில் 18 முதல் 20 மணி நேரம் தூங்குகிற வயது இது. முதல் சில இரவுகள் கூண்டை உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், அழுகை பாதியாகக் குறையும்.

இரண்டு மாதக் குட்டியால் பகலில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் மூத்திரத்தை அடக்க முடியாது. தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் ஒரே இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். தவறி வீட்டுக்குள்ளேயே மூத்திரம் போய்விட்டால் என்சைம் கலந்த கிளீனரால் துடையுங்கள். அம்மோனியா உள்ள திரவங்களின் வாடை மூத்திரத்தை நினைவுபடுத்தி, திரும்பவும் அங்கேயே போக வைக்கும்.

உங்கள் வீட்டில் இதற்கு முன் பார்வோ (குட்டிகளின் உயிரையே பறிக்கக்கூடிய வைரஸ் நோய்) வந்த நாய் இருந்திருந்தால் தனியாகக் கவனிக்க வேண்டும். அந்தக் கிருமி மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், சாதாரண சோப்பு அதைக் கொல்லாது. தரையை நன்றாகக் கழுவிவிட்டு, ஒரு பங்கு ப்ளீச்சுக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி, 10 நிமிடம் ஈரமாகவே விட்டுப் பிறகு அலசுங்கள். தடுப்பூசி 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, சில வார இடைவெளியில் 16 வாரம் வரையாவது தொடரும். அது முடியும்வரை ஊர் நாய்கள் நடக்கும் தரையில் இறக்க வேண்டாம். அதற்காக வீட்டுக்குள்ளேயே பூட்டி வைப்பதும் தப்பு. மூன்றரை மாதத்துக்குள் பார்க்கும் முகங்களும் கேட்கும் சத்தங்களும்தான் பின்னாளில் அது எதற்கெல்லாம் பயப்படாது என்பதை முடிவு செய்கின்றன. கையில் தூக்கிக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

சரி, வாங்க வேண்டியவை. எளிதில் கவிழாத இரண்டு கிண்ணங்கள். இரண்டு விரல் உள்ளே போகிற அளவுக்குத் தளர்ந்த, லேசான கழுத்துப்பட்டை. அதில் உங்கள் போன் எண். வாரம் ஒருமுறை அளவைப் பாருங்கள், கழுத்து வேகமாகப் பருக்கும். பிடித்துக் கூட்டிப்போக ஒரு சாதாரண லீஷ். கடிக்க இரண்டு மூன்று பொம்மைகள். 28 பால் பற்களும் விழுந்து 42 பற்கள் முளைத்து முடிய ஆறேழு மாதம் ஆகும், அதுவரை எதையாவது கடித்தே தீரும். வாய்க்குள் முழுசாகப் போகாத அளவில், நகத்தால் அழுத்தினால் கொஞ்சமாவது அமுங்குவதாகப் பாருங்கள். அதைவிடக் கெட்டியானது பல்லை உடைக்கும். பழைய செருப்பைக் கொடுக்காதீர்கள். எது பழசு, எது புதுசு என்று அதற்கு யார் சொல்வது? மெத்தை, சட்டை, வாசனைத் திரவியம் எதுவும் இப்போது வேண்டாம். மெத்தையை எப்படியும் பிய்த்துப் போடும்.

உணவை மட்டும் நீங்களாகத் தேர்ந்தெடுத்து வாங்கி வைக்காதீர்கள். கொடுப்பவரிடம் இப்போது என்ன தருகிறார்கள் என்று கேட்டு, ஒரு வாரத்துக்கு அதையே வாங்கி வாருங்கள். மாற்றுவதாக இருந்தால் ஏழு நாளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்றலாம். தாய் படுத்த துணி ஒன்றையும் கேட்டுப் பாருங்கள். அதைத் துவைக்காமல் கூண்டில் போடுங்கள்.

குட்டி வருவதற்கு முன்பே கால்நடை மருத்துவரிடம் முதல் சில நாட்களுக்குள் ஒரு நேரம் வாங்கிவிடுங்கள். இரவில் திறந்திருக்கும் மருத்துவமனையின் எண்ணை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வையுங்கள். எதையாவது விழுங்கிவிட்டால் நீங்களாக வாந்தி எடுக்க வைக்க வேண்டாம், சில பொருட்கள் திரும்பி வரும்போது இன்னும் மோசமாகப் புண்ணாக்கும். போன் செய்துவிட்டு, விழுங்கியதன் அட்டையையோ மிச்சத்தையோ எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.